கிணற்று நீர் எங்கிருந்து வருகிறது: உரிமப் பிரிவில் சேர்ந்தபின் எழுதும் நாட்குறிப்பு

மார்ச் 3

நீர் எடுப்பு உரிமப் பிரிவில் இன்று பணியில் சேர்ந்தேன். ஆற்றிலிருந்தோ நிலத்தடியிலிருந்தோ வரம்புக்கு மேல் நீர் எடுக்க விரும்புவோரின் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது, களத்தில் சரிபார்ப்பது, நிபந்தனைகளை எழுதுவது, அவை கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று கண்காணிப்பது ஆகியவை இப்பிரிவின் வேலைகள். நான் படித்தது நிலவியல். பக்கத்து மேசைகளில் நீரியலாளரும் சிவில் பொறியாளரும் சட்டம் படித்தவரும் இருக்கிறார்கள். ஒரே படிப்பை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்துவிட முடியாது என்பது முதல் நாளிலேயே தெரிந்தது.

பிரிவின் தலைவர், "புதிய விண்ணப்பம் எதையும் இப்போது தொட வேண்டாம். ஏற்கெனவே கொடுத்த உரிமங்களை எடுத்துப் படியுங்கள்" என்றார். ஒவ்வொரு உரிமத்திலும் நீராதாரம், எடுக்கும் இடம், பயன்பாடு, காலாவதித் தேதி ஆகியவற்றோடு மூன்று அளவுகள் தனித்தனியே இருக்கின்றன: நொடிக்கு இத்தனை லிட்டர், நாளுக்கு இத்தனை கனமீட்டர், ஆண்டுக்கு இத்தனை கனமீட்டர். நொடிக்கு 10 லிட்டர் இறைக்கும் பம்ப் நிற்காமல் ஓடினால் நாளுக்கு 864 கனமீட்டரும் ஆண்டுக்கு 3,15,360 கனமீட்டரும் வரும் என்பது எளிய பெருக்கல்தான். அப்படியிருக்க மூன்று எண்கள் எதற்கு என்று முதலில் தோன்றியது. ஆண்டு வரம்பு மட்டும் இருந்தால், முழு ஒதுக்கீட்டையும் ஆறு மெலிந்து ஓடும் கோடை வாரங்களிலேயே ஒருவர் எடுத்துவிடலாம், அதில் சட்டமீறல் எதுவும் இருக்காது. நொடி வரம்பு மட்டும் இருந்தால், சிறிய பம்ப்பை ஆண்டு முழுவதும் ஓடவிட்டு நிலத்தடி இருப்பையே குறைத்துவிடலாம்.

மார்ச் 7

இந்த வாரம் முழுவதும் சட்ட வரலாற்றைப் படித்தேன். ஆற்றங்கரை நிலம் உள்ளவருக்கே ஆற்று நீரில் உரிமை என்பது ஒரு மரபு. முதலில் எடுத்தவருக்கே முதல் உரிமை என்பது இன்னொன்று. கலிபோர்னியாவில் தங்கம் தோண்டியவர்களிடையே வளர்ந்த அந்த வழக்கத்தை 1855இல் இர்வின் எதிர் பிலிப்ஸ் வழக்கில் நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. நிலத்தடி நீரைச் சட்டம் வேறு விதமாகப் பார்த்தது. 1859இல் சேஸ்மோர் எதிர் ரிச்சர்ட்ஸ் வழக்கில், உள்ளூர் சுகாதார வாரியம் ஒன்று தன் நிலத்தில் கிணறு தோண்டியதால் ஆற்றின் நீர்வரத்து குறைந்து ஆலை உரிமையாளர் பாதிக்கப்பட்டபோதும், மண்ணுக்குள் கசிந்து செல்லும் நீருக்கு அவர் உரிமை கோர முடியாது என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நிலத்துக்கு அடியில் நீர் எப்படி நகர்கிறது என்பதைக் காட்டும் வழி அன்று இல்லை. மணலினூடே நீர் ஓடும் வேகத்தை அளந்த பிரெஞ்சுப் பொறியாளர் தார்சி தம் மணற்குழாய்ச் சோதனைகளை வெளியிட்டதே 1856இல்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டம். மனிதரின் அடிப்படைத் தேவைக்கும் ஆறு ஆறாகவே நீடிப்பதற்கும் உரிய நீரை முதலில் ஒதுக்கிவைத்துவிட்டு, எஞ்சியதைத்தான் உரிமங்களாகப் பங்கிட வேண்டும் என்கிறது அது. மீதி எவ்வளவு என்று தெரியாமல் பங்கு கொடுக்கத் தொடங்கிய நிர்வாகங்களே உலகில் அதிகம் என்பது இந்த வாரப் படிப்பில் எனக்குக் கிடைத்த எண்ணம்.

மார்ச் 18

அளவீட்டுப் பயிற்சிக்காகக் களத்துக்குச் சென்றோம். வாய்க்காலின் குறுக்கே பொருத்திய உலோகத் தகட்டில் 90 பாகைக் கோணத்தில் வி வடிவ வெட்டு இருக்கிறது. வெட்டின் முனைக்கு மேல் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்து ஓட்டத்தைக் கணக்கிட வேண்டும். உயரம் 10 சென்டிமீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 4.4 லிட்டர், 11 என்றால் 5.5. உயரத்தின் இரண்டரை அடுக்குக்கு ஏற்ப ஓட்டம் மாறுவதால், ஒரு சென்டிமீட்டரில் கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. அளவுகோலை வெட்டின் வாயிலேயே வைத்துப் படிக்கவும் கூடாது. நீர் விழப்போகும் இடத்தில் அதன் மேற்பரப்பு தாழ்ந்து வளைவதால் அங்கே உயரம் குறைவாகத் தெரியும். சற்று மேற்புறம் தள்ளி, பரப்பு சமமாக இருக்கும் இடத்தில்தான் படிக்க வேண்டும். அளவுகோலை யாரோ வசதிக்காகத் தகட்டிலேயே திருகிவைத்திருந்தார்கள். அந்த வாய்க்காலுக்குப் பதிவேட்டில் உள்ள அளவுகள் எல்லாம் உண்மையைவிடக் குறைவானவை என்றே கொள்ள வேண்டும்; எடுப்பவருக்குச் சாதகமான பிழைகள் நீண்ட காலம் திருத்தப்படாமல் இருப்பதில் வியப்பில்லை.

ஏப்ரல் 2

முதல் கோப்பு என் மேசைக்கு வந்தது. ஒரு பதனிடும் ஆலை, ஆற்றிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளித் தோண்டிய ஆழ்துளைக் கிணற்றில் நொடிக்கு 12 லிட்டர் எடுக்க அனுமதி கேட்கிறது. இறைப்புச் சோதனை அறிக்கையும் இணைக்கப்பட்டுள்ளது: 72 மணி நேரம் ஒரே வேகத்தில் இறைத்து, கிணற்றிலும் அருகில் உள்ள கண்காணிப்புக் கிணற்றிலும் நீர்மட்டம் இறங்குவதை அளந்திருக்கிறார்கள். வெளியேற்றிய நீர் அதே கிணற்றுக்குள் திரும்பக் கசியாதபடி குழாய் போட்டுத் தொலைவில் விட்டிருக்கிறார்கள். வேலை சுத்தமாகவே நடந்திருக்கிறது.

நேரத்தை மடக்கை அளவில் வைத்து வரைந்த வரைபடத்தில், இறக்கம் முதலில் நேர்கோடாகச் செல்கிறது. இரண்டாம் நாளில் கோடு தட்டையாகி, அதன்பின் மட்டம் இறங்கவே இல்லை. ஆலையின் ஆலோசகர் இதற்கு எழுதிய முடிவு: "நீர்மட்டம் நிலைபெற்றது, கிணறு நீடித்த விளைச்சல் தரக்கூடியது."

மட்டம் ஏன் நின்றது என்று அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. சுற்றிலும் பாறை தடுத்திருந்தால் கோடு இன்னும் செங்குத்தாகியிருக்கும். தட்டையானால் புதிதாக எங்கிருந்தோ நீர் வந்து சேர்கிறது என்று பொருள். அந்தப் பக்கத்தில் ஆற்றைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் சி. வி. தெய்ஸ் 1940இல் எழுதியதை மாலையில் எடுத்து மறுபடி படித்தேன். மனிதர் கை வைப்பதற்கு முன் நிலத்தடியில் வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக இருக்கின்றன. கிணறு எடுக்கும் ஒவ்வொரு துளியும் இருப்பின் குறைவாகவோ, ஆற்றுக்கும் ஊற்றுக்கும் செடிகொடிக்கும் போகும் செலவின் குறைவாகவோ, கூடுதல் வரவாகவோ எங்காவது ஈடாக வேண்டும் என்பது அவர் வாதம். ஆலோசகர் கிணற்றின் நலத்தைப் பார்த்திருக்கிறார். எனக்குச் சம்பளம் கொடுப்பது ஆற்றையும் சேர்த்துப் பார்ப்பதற்கு.

ஏப்ரல் 9

நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் மின்கடத்துத்திறனை இறைப்பின்போது அளந்திருந்தார்கள்; அந்த அளவுகளை ஆலையிடம் கேட்டு வாங்கினேன். தொடக்கத்தில் நிலத்தடி நீருக்குரிய உயர்ந்த அளவு. மூன்றாம் நாள் முடிவில் ஆற்று நீரை நோக்கிச் சரிந்திருக்கிறது. ஐயம் தீர்ந்தது.

ஏப்ரல் 24

ஆட்சேபனை விசாரணை நடந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் பாசனம் செய்யும் ஒருவர், "ஆத்துல தண்ணி குறையுற மாசத்துல எங்களை நிறுத்தச் சொல்றீங்க சார், அவங்க கிணத்தை யார் நிறுத்துவா?" என்று கேட்டார். அவருடைய உரிமத்தில் ஆற்றின் ஓட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் எடுப்பதை நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. கிணறுகளுக்கு அது இதுவரை விதிக்கப்பட்டதில்லை. ஆலைத் தரப்பு, எடுப்பதில் பெரும்பகுதியைச் சுத்திகரித்து ஆற்றுக்கே திருப்பிவிடுவதாகச் சொன்னது. எடுப்பு வேறு, திருப்பிவிட்டதைக் கழித்தபின் எஞ்சும் நிகரச் செலவு வேறு என்பதால் அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அவர்கள் திருப்பிவிடும் இடம் ஆட்சேபித்தவரின் மதகுக்கும் கீழே இருக்கிறது.

மே 6

இந்த ஒரு கிணற்றை மட்டும் பார்த்தால் பாதிப்பு ஆற்று ஓட்டத்தின் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும். ஆகவே அதே பள்ளத்தாக்கில் உயிருடன் இருக்கும் உரிமங்கள் அனைத்தையும் கூட்டிப் பார்த்தேன். பலர் தங்கள் ஒதுக்கீட்டைத் தொடவே இல்லை. ஆஸ்திரேலியாவின் மர்ரி-டார்லிங் படுகையில் இப்படிப்பட்டவற்றைத் தூங்கும் உரிமங்கள் என்றே அழைத்தார்கள். 1995இல் மொத்த எடுப்புக்கு உச்சவரம்பு வந்து, உரிமங்களை விற்கவும் முடிந்தபோது அவை விழித்துக்கொண்டன. கொலராடோ ஆற்றில் சிக்கல் வேறு விதம்: 1922 ஒப்பந்தம் மேல்படுகைக்கும் கீழ்ப்படுகைக்கும் ஆண்டுக்குத் தலா 75 லட்சம் ஏக்கர்-அடி (ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி ஆழம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி) எழுதிக் கொடுத்தபோது, கையில் இருந்த கணக்கு நீர்வரத்து மிகுந்த ஆண்டுகளின் கணக்கு. எங்கள் பள்ளத்தாக்கில் தூங்குபவர்கள் விழித்தால் கோடை ஓட்டத்தில் ஒதுக்குவதற்கு எதுவும் எஞ்சாது.

மே 20

வரைவு உரிமத்தை முடித்தேன். கேட்டது நொடிக்கு 12 லிட்டர்; பரிந்துரை 7 லிட்டர், ஐந்தாண்டுகளுக்கு, அதன்பின் மறுபரிசீலனை.

அதிக நேரம் எடுத்தது நிறுத்தும் நிபந்தனைதான். பாசனதாரருக்கு உள்ள வரியை அப்படியே இங்கே எழுதினால் பயனில்லை. கிணற்றை நிறுத்தினாலும், நிலத்தடி நீர்மட்டத்தில் அது உண்டாக்கிய பள்ளம் நிரம்பும்வரை ஆற்றிலிருந்து நீர் உள்ளே இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். இந்தத் தொலைவில் அது பல வாரங்கள் நீளும் என்று கணக்கு காட்டுகிறது. ஆறு மெலிந்தபின் நிறுத்தினால் பலன் மழைக்காலத்தில்தான் வந்து சேரும். எனவே ஆற்றின் ஓட்டம் இன்னும் நன்றாக இருக்கும்போதே எடுப்பைப் பாதியாகக் குறைக்கும்படி ஓர் உயர்ந்த அளவையும், முழுவதும் நிறுத்த இன்னொன்றையும் வைத்தேன். நீர்மட்டத்தைக் கிணற்றுக்குள் உட்சுவராக இறக்கிய கேசிங் குழாயின் மேல் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும் என்றும், விளிம்பு வெட்டப்பட்டாலோ நீட்டப்பட்டாலோ தெரிவிக்க வேண்டும் என்றும் சேர்த்தேன். பிரிவின் தலைவர் படித்துவிட்டு, "ஆறு நன்றாக ஓடும்போது ஏன் குறைக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டு மேல்முறையீட்டுக்குப் போவார்கள். வரைபடத்தை உரிமத்தோடு இணைத்துவிடுங்கள்" என்றார். தட்டையான அந்தக் கோட்டுக்கு அருகில் விளக்கக் குறிப்பு எழுதி, முதல் இணைப்பாகச் சேர்த்து, கையொப்பத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.