பழைய ஹெச்61 சிஸ்டத்துக்கு மறுபடி ஓஎஸ் போடும்போது

"சிஸ்டம் ஸ்லோவா? ஃபார்மட் அடிச்சுடுங்க" என்பதுதான் எந்தச் சர்வீஸ் கடையிலும் முதலில் கிடைக்கும் பதில். அடித்தும் விடுவார்கள். பத்து நாள் பறக்கும், பதினோராம் நாள் பழையபடி இழுக்கும். ஏனென்றால் பாதிக்கு மேல் கோளாறு விண்டோஸில் இருப்பதில்லை. ஹார்ட் டிஸ்க்கில், ரேமில், சில நேரம் ஒரு சின்ன பேட்டரியில் இருக்கிறது. அதனால் பென் டிரைவைக் கையில் எடுப்பதற்கு முன் சிபியு கேபினட்டின் மூடியைக் கழற்றுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு, நம்மூர் வீடுகளிலும் கடைகளிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வகையையே எடுத்துக்கொள்கிறேன்: ஹெச்61 (இன்டெல் சிப்செட்டின் பெயர்) போர்டு, இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். இதற்கு முந்தைய ஜி41, கோர் 2 டுயோ வகைக்கு எங்கே மாறுமோ அங்கே சொல்கிறேன்.

முதலில் ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் இன்னும் ஓடினால் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பாருங்கள். ஓடவில்லையென்றால் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்கு மாற்றான இலவச ஓஎஸ்) பென் டிரைவில் பூட் செய்து 'டிஸ்க்ஸ்' என்ற செயலியில் ஸ்மார்ட் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைப்பது) விவரங்களைத் திறக்கலாம். நான்கு வரி போதும். 5 (ரீஅலோகேட்டட், கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள்), 197 (பெண்டிங், சந்தேகத்தில் நிற்பவை), 198 (அன்கரெக்டபிள், திருத்த முடியாதவை) ஆகியவற்றில் பூஜ்ஜியம் அல்லாத எண் இருந்து, அது நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க்கில் ஓஎஸ் போடுவது வீண் வேலை. 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், அது பெரும்பாலும் சாட்டா கேபிள் தகராறு; கேபிளை மாற்றினால் எண் அதற்கு மேல் ஏறாது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இவற்றைப் பதினாறடிமானத்தில் 05, சி5, சி6, சி7 என்று காட்டும், குழம்ப வேண்டாம்.

அடுத்து ரேம். பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, கேபினட்டின் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களை வெள்ளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் துகளைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதுத் தலைவலி. திரும்பச் செருகும்போது இரண்டு பக்கக் கிளிப்பும் தானே மூட வேண்டும். விரலால் தள்ளி மூடினால் ரேம் முழுதாக உட்காரவில்லை என்று பொருள். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ ஒரு சுற்றாவது முழுதாக ஓடவிடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ரேம் வேண்டாம். பழுதான ரேமோடு இன்ஸ்டால் செய்தால் கோப்புகள் விரியும்போதே கெட்டுப்போகும். பிழைச் செய்தி வேறு எதையோ சொல்லும். நீங்கள் பென் டிரைவையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ரேமைக் கூட்டுவதாக இருந்தால்: ஹெச்61இல் இரண்டு ஸ்லாட், 16 ஜிபி வரை போகும். ஜி41இல் 8 ஜிபிதான் எல்லை, அதிலும் ஒரு பொறி உண்டு. ஒரு பக்கம் மட்டும் எட்டு சிப் உள்ள 4 ஜிபி ரேமை ஜி41 ஏற்காது. இரு பக்கமும் சேர்த்துப் பதினாறு சிப் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். கடைக்காரரிடம் "எல்லா டிடிஆர்3யும் ஒண்ணுதானே" என்ற பதில் வந்தால் நம்ப வேண்டாம்.

இனி மதர்போர்டில் இருக்கும் அந்தச் சின்ன பேட்டரி. சிஆர்2032, ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். மல்ட்டிமீட்டரில் புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், 2.8க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பேட்டரி செத்தால் தேதி மட்டும் பின்னால் போவதில்லை, பயாஸ் (ஓஎஸ்ஸுக்கு முன் ஓடும் போர்டின் அடிப்படை நிரல்) அமைப்புகள் எல்லாமே பழைய நிலைக்குத் திரும்புகின்றன. பல ஹெச்61 போர்டுகளில் சாட்டா மோட் (டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை) பழைய நிலை என்பது ஐடிஇ என்ற பழைய முறை. உங்கள் விண்டோஸ் ஏஹெச்சிஐ என்ற புதிய முறையில் போடப்பட்டிருந்தால், ஒரு நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு திறக்கும்போது நீலத்திரையும் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' செய்தியும்தான் வரும். விண்டோஸ் 7 என்றால் 7பி என்று முடியும் எண். இதைப் பார்த்ததும் விண்டோஸ் கரப்ட் என்று முடிவு கட்டி ஃபார்மட் அடித்துவிடுகிறார்கள். பயாஸில் ஏஹெச்சிஐ என்று ஒரு வரியை மாற்றியிருந்தால் எல்லாமே திரும்ப வந்திருக்கும். தேதி பின்னால் போனதன் விளைவு வேறு: பிரவுசர் எந்தத் தளத்தையும் பாதுகாப்பில்லை என்று மறுக்கும், லினக்ஸ் அப்டேட் முரண்டு பிடிக்கும்.

எந்த ஓஎஸ் என்பதற்கு வருவோம். விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியும் முடிந்தன. 10இல் நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் வேண்டும். பூட் பென் டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் செயலி அந்தச் சோதனைகளை நீக்கித் தரும், இரண்டாம் தலைமுறை ஐ3இல் 11 ஏறவும் செய்யும். ஆனால் 4 ஜிபியில் அதை ஓட்டுவது பொறுமைக்கு வைக்கும் பரீட்சை. கோர் 2 டுயோவில் அந்தப் பேச்சே இல்லை: 24ஹெச்2 பதிப்பு முதல் எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுதி இல்லாத பிராசஸரில் விண்டோஸ் 11 பூட்டே ஆகாது.

டேலியும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் தினசரி வேலையாக இருந்தால் விண்டோஸில் இருங்கள், லினக்ஸில் வைன் வழியாக விண்டோஸ் நிரலை ஓட்டிப் பார்க்கும் சாகசம் கணக்கு எழுதுபவருக்குத் தேவையில்லை. பிரவுசர், கடிதம், பிள்ளைகள் படிப்பு, வீடியோ அவ்வளவுதான் என்றால் லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் உள்ள பதிப்பு. 2029 வரை அப்டேட் வரும். 2 ஜிபி ரேம் குறைந்தபட்சம், 4 ஜிபி இருந்தால் நிம்மதி.

ஆனால் மின்ட் என்று முடிவு செய்யும் முன் பிரின்டரைப் பாருங்கள். ஹெச்பி லேசர்ஜெட் 1020 என்றால் ஹெச்பிலிப் என்ற டிரைவர் தொகுப்போடு அதன் பிளகின்னையும் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரின்டர் பெயர் காட்டும், தாள் மட்டும் வராது. கேனன் எல்பிபி2900 லினக்ஸில் இன்னும் கொஞ்சம் மல்லுக்கட்டு வேலை. பென் டிரைவிலிருந்து லைவாக (இன்ஸ்டால் செய்யாமலே) ஓட்டும்போதே வைஃபை, ஒலி, பிரின்ட் மூன்றையும் சோதித்துவிடலாம். அதற்குத்தான் அந்த வசதி.

பேக்கப்பில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லோருக்கும் நினைவிருக்கும். மறப்பவை வேறு. டேலி டேட்டா ஃபோல்டர் (பழைய இஆர்பி 9 என்றால் சி டிரைவிலேயே டேலி ஃபோல்டருக்குள் இருக்கும்). கூடவே டேலி லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டுத்தான் அழிக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி ஆக்டிவேட் செய்ய அலைய வேண்டும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள். பிறகு தமிழ் ஃபான்ட்கள்! பாமினியிலும் வானவில் அவ்வையாரிலும் அடித்த பழைய கடிதங்கள், அழைப்பிதழ்கள் எல்லாம் அந்த ஃபான்ட் இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக நகலெடுத்து வையுங்கள்.

இதையெல்லாம் விடப் பாதுகாப்பான வழி, பழைய டிஸ்க்கைத் தொடாமலே விடுவது. 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்கி அதில் ஓஎஸ் போடுங்கள். ஹெச்61இல் சாட்டா 2 மட்டுமே உண்டு, ஆகவே பெட்டியில் போட்டிருக்கும் 500 எம்பி வேகத்தில் பாதிதான் வரும். பரவாயில்லை, சிஸ்டம் சுறுசுறுப்பாகத் தெரிவது சிறு கோப்புகளைத் தேடி எடுக்கும் வேகத்தால், அதில் எந்த ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டிக்கு அருகில் வராது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை) சாட்டா பவர் முனை போதாமல் கன்வர்ட்டர் போட்டால், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகையைத் தவிருங்கள். உள்ளே கம்பிகள் உரசித் தீப்பிடித்த கதைகள் உண்டு.

பழைய டிஸ்க்கின் டேட்டா கேபிளைப் பிடுங்கிவிட்டு பயாஸுக்குள் போங்கள். தேதி சரி, சாட்டா மோட் ஏஹெச்சிஐ. இதை இன்ஸ்டாலுக்கு முன்பே வைக்க வேண்டும், பின்பு மாற்றினால் மேலே சொன்ன நீலத்திரை. ஜி41இல் ஏஹெச்சிஐ என்ற வரியே பெரும்பாலும் இருக்காது, தேடி நேரம் கழிக்காதீர்கள்.

பென் டிரைவ் 8 ஜிபி போதும். இறக்கிய ஐஎஸ்ஓவின் (ஓஎஸ் கோப்பு) ஷா256 எண்ணை (கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டுவது) 7-ஜிப்பின் வலது கிளிக் மெனுவிலேயே சரிபார்க்கலாம். ரூஃபஸில் பார்ட்டிஷன் ஸ்கீம் எம்பிஆர் (டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய முறை, புதியது ஜிபிடி) என்று வையுங்கள். பென் டிரைவைப் பின்பக்கப் போர்ட்டில் செருகுங்கள். முன்பக்கப் போர்ட்டின் உள்கேபிள் பாதிக் கேபினட்டுகளில் ஆடிக்கொண்டிருக்கும். பூட் மெனு கிகாபைட்டில் எஃப்12, ஆசஸில் எஃப்8, எம்எஸ்ஐயிலும் ஆஸ்ராக்கிலும் எஃப்11, இன்டெல் போர்டில் எஃப்10. அங்கே ஒரே பென் டிரைவ் இரண்டு பெயரில் தெரியலாம், ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ (பயாஸின் புது வடிவம்) என்று இருக்கும். அது இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். மாற்றித் தேர்ந்தெடுத்தால்தான் விண்டோஸ் இன்ஸ்டாலர் 'எம்பிஆர் டிஸ்க்கில் போட முடியாது' அல்லது 'ஜிபிடி டிஸ்க்கில் போட முடியாது' என்று நிற்கும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பொருளில்லை, நுழைந்த வாசல் வேறு, அவ்வளவுதான்.

விண்டோஸ் 10 ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருந்த போர்டு என்றால் கீ கேட்கும் இடத்தில் 'கீ இல்லை' என்பதை அழுத்தி, முன்பிருந்த அதே ஹோம் அல்லது ப்ரோ பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். இணையத்தில் இணைந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். மின்ட்டில் ஒரே டிஸ்க்தான் இணைந்திருக்கிறது என்றால் 'எரேஸ் டிஸ்க்' பயமில்லை. இரண்டும் இணைந்திருந்து கையால் பார்ட்டிஷன் பிரிப்பவர்கள், கீழே பூட் லோடர் (ஓஎஸ்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்) எந்த டிஸ்க்குக்கு என்று கேட்கும் பெட்டியை நிதானமாகப் பாருங்கள். அதில் பென் டிரைவ் தேர்வாகியிருந்தால், பென் டிரைவைச் செருகினால் மட்டும் பூட் ஆகும் விசித்திர சிஸ்டம் கிடைக்கும். பழைய என்விடியா கார்டு போட்டவர்களுக்குத் திரை கறுப்பாகவே நின்றால் பூட் மெனுவில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' இருக்கிறது. யூபிஎஸ் இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ் தட்டச்சுக்கு மின்ட்டில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியும் அதன் எம்17என் தொகுப்பும் போட்டால் தமிழ்99, ஃபொனெடிக், டைப்ரைட்டர் மூன்றும் வந்துவிடும்.

எல்லாம் சரியாக ஓடிய பிறகு பழைய டிஸ்க்கை மறுபடி இணையுங்கள். உடனே சிஸ்டம் பழைய விண்டோஸிலேயே திறந்தால் பதற வேண்டாம். பயாஸில் ஹார்ட் டிஸ்க் வரிசையில் எஸ்எஸ்டியை முதலில் வைக்க வேண்டும். மின்ட்டுக்குள் அந்த டிஸ்க்கில் படிக்க மட்டும் முடிந்து எழுத முடியவில்லை என்றால், விண்டோஸ் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்போடு பாதித் தூக்கத்தில் மூடப்பட்டிருக்கிறது. கோப்புகளை எஸ்எஸ்டிக்கு நகலெடுக்க அதுவே போதும். எழுதவும் வேண்டுமென்றால் ஒருமுறை அந்த விண்டோஸில் நுழைந்து, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிட்டு முழுதாக ஷட்டவுன் செய்துவிட்டு வாருங்கள்.