பச்சைக் கட்டத்தில் இருந்த தொட்டி

திருப்பூருக்கு வெளியே ஒரு டையிங் யூனிட்டில் எச்.ஆர். வேலை பார்க்கிறேன். மொத்தம் 140 பேர். 2022-ல் ஒரு வெளிநாட்டு பையரிடமிருந்து ஆடிட்டுக்கு வருகிறோம் என்று மெயில் வந்தது. அதில் ஒரு வரி: ரிஸ்க் அசெஸ்மென்ட், அதாவது இடர் மதிப்பீட்டுக் கோப்பு தயாராக இருக்க வேண்டும். அப்போது பொதுவாக ஆயிரம் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில்தான் பாதுகாப்பு அதிகாரி என்று தனியாக ஒருவரைச் சட்டப்படி வைத்தாக வேண்டியிருந்தது. எங்கள் யூனிட்டில் அப்படி யாரும் இல்லை. பொறுப்பு என் மேசைக்கு வந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஈரத்துணியைக் கூடையில் சுழற்றித் தண்ணீர் பிழியும் ஹைட்ரோ மெஷினில் ஒரு ஹெல்ப்பர் தம்பியின் மணிக்கட்டு முறுக்கிக்கொண்டது. எலும்பு முறியவில்லை. ஆனாலும் அவன் வலியில் கத்தியது எனக்கு மறக்கவில்லை. அதனால் இந்த வேலையை ஒப்புக்குச் செய்யக்கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

ஆனால் உட்கார்ந்த இடம் ஆபீஸ் அறை. டையிங் மாஸ்டரும் நானும் இரண்டு நாளில் 62 வரிகள் எழுதி முடித்தோம். முறை எளிதுதான். ஒவ்வொரு வேலையிலும் என்ன அபாயம் இருக்கிறது என்று எழுத வேண்டும். அது நடக்கும் சாத்தியத்துக்கு 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண், நடந்தால் எவ்வளவு தீவிரம் என்பதற்கு 1 முதல் 5 வரை இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் இடரின் அளவு. எங்கள் அட்டவணையில் 15-க்கு மேல் சிவப்பு, 6-க்குக் கீழ் பச்சை, நடுவில் இருப்பதெல்லாம் மஞ்சள்.

கழிவுநீர் வந்து சேரும் தொட்டிக்கு வந்தபோது மாஸ்டர் சொன்னார்: "அதுல வருஷத்துக்கு ஒரு தடவை இறங்கினா பெருசுங்க." சாத்தியம் 1, தீவிரம் 5. பெருக்கினால் 5. பச்சை அடித்து அடுத்த வரிக்குப் போனோம்.

பிரிண்ட் எடுத்து எல்லாப் பிரிவுக்கும் காட்டினேன். பாய்லர் பார்க்கும் பெரியவர் மட்டும் கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார். அப்புறம் கேட்டார்: "அம்மிணி, இதுல நைட் ஷிப்டு எங்க இருக்குது?"

எனக்குப் பதில் இல்லை. அன்றைக்கே முடிவு செய்து, அடுத்த வாரம் மூன்று இரவுகள் 11 மணி முதல் 3 மணி வரை பிளோரில் நின்றேன்.

முதல் இரவு பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. "இங்க என்ன ஆபத்து இருக்கு?" என்று கேட்டேன். எல்லோரும் "ஒண்ணுமில்லக்கா" என்றார்கள். ஆபீஸிலிருந்து ஒருத்தி நோட்டோடு வந்து கேட்டால் யார்தான் சொல்வார்கள்? ஒடிசா பையன்களுக்குத் தமிழ் பாதிதான் புரியும். இரண்டாம் இரவு அவர்களில் மூத்தவரை இந்தியில் பேச வைத்துக் கேள்வியை மாற்றினேன். மெஷின் மக்கர் பண்ணினால் என்ன செய்வீர்கள்? ஒரு லாட் துணி அவசரமாக வேண்டும் என்றால் எதை விட்டுவிட்டுச் செய்வீர்கள்? அதற்குப் பிறகு எழுத எனக்குக் கை போதவில்லை. இந்த வேலையைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இந்தக் கேள்வி ஒன்றுதான்.

ஹைட்ரோ மெஷினில் மூடி திறந்தால் சுற்று நிற்க வேண்டும், சுற்று நிற்காமல் மூடி திறக்கக்கூடாது. அதற்குத்தான் இன்டர்லாக். எங்கள் இரண்டு மெஷினிலும் அதைக் கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். என் அட்டவணையில் "இன்டர்லாக் உள்ளது" என்று எழுதியிருந்தேன். ஏன் கட்டினீர்கள் என்று கோபப்படாமல் கேட்டேன். ஸ்விட்சை அணைத்த பிறகும் கூடை நாலைந்து நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவு நேரம் காத்திருந்தால் ஒரு ஷிப்டில் பத்து லோடு குறையும் என்றார்கள். அதனால் ஈரத்துணியைக் கூடையின் விளிம்பில் வைத்து அழுத்தி நிறுத்துகிறார்கள். அந்தத் தம்பியின் மணிக்கட்டு முறுக்கியது இப்படித்தான். பிட்டரை அழைத்துப் பார்த்தால் பிரேக் லைனிங் தேய்ந்துபோயிருந்தது. மாற்றினோம். கூடை ஒரு நிமிடத்துக்குள் நின்றது. கம்பியை அவர்களே அவிழ்த்தார்கள். "கையை உள்ளே விடாதே" என்று மூன்று மொழியில் போர்டு வைத்திருந்தாலும் இது நடந்திருக்காது.

கெமிக்கல் ரூமில் அபாயத்துக்கும் இடருக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பிடிபட்டது. ஷேடு தப்பிய துணியில் சாயத்தை உரிக்க ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்பைட்) என்ற பொடியைப் பயன்படுத்துவோம். கொஞ்சம் ஈரம் பட்டால்கூட அது தானாகச் சூடேறிப் புகையும், தீயும் பிடிக்கும், மூச்சை அடைக்கும் கந்தக டை ஆக்சைடும் வரும். டிரம்மில் இருக்கும் அந்தப் பொடி அபாயம். டிரம் ஒழுகும் ஷீட்டுக்குக் கீழே மூடி இல்லாமல் இருந்தது, அள்ளுகிற மக்கை ஈரத்தோடு உள்ளே போட்டு வைத்திருந்தார்கள், பக்கத்திலேயே அதோடு சேரவே கூடாத பெராக்சைடு கேன். இதெல்லாம் சேர்ந்ததுதான் இடர். பொடியை மாற்ற முடியாது. இடத்தை மாற்றலாம். ஒரே பகலில் மாற்றிவிட்டோம்.

மூன்றாம் இரவுதான் தொட்டி. கழிவுநீரோடு வரும் பஞ்சும் நூலும் பம்பை அடைத்துக்கொள்ளும் என்றார் அந்த மூத்தவர். அடைத்தால்? ஏணி வைத்து இறங்கிக் கையால் எடுப்போம். எத்தனை தடவை? மாதத்தில் இரண்டு, மழை நாளில் இன்னும் கூட. வருடத்துக்கு ஒரு தடவை என்று நாங்கள் எழுதியிருந்தோம். முகத்துக்கு என்ன போட்டுக்கொள்வீர்கள் என்றேன். கர்ச்சீப் என்றார். "நாத்தம் முதல்ல அடிக்கும்கா, அப்புறம் போயிடும்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சாயம் ஏற்ற நாங்கள் கொட்டும் கிளாபர் உப்பு ஒரு சல்பேட். அது தேங்கிய சேற்றில் காற்றில்லாமல் கிடந்தால் நுண்ணுயிரிகள் அதை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் தொட்டியின் அடியிலேயே நிற்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் போய்விட்டது என்று அவர்கள் நிம்மதி அடைந்த நேரம்தான் ஏணியில் ஏறி ஓட வேண்டிய நேரம். இப்படிப்பட்ட தொட்டிகளில் ஒருவர் விழுந்ததும் அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவதைத்தான் செய்தித்தாளில் திரும்பத் திரும்பப் படிக்கிறோம்.

அப்போது நாங்கள் பின்பற்றிய 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-வது பிரிவு இப்படித் தொட்டிக்குள் இறங்குவதைப் பற்றித்தான் சொன்னது. தகுதியுள்ள ஒருவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையென்றால் சுவாசக் கருவியோடும் பெல்ட்டோடும் இறங்க வேண்டும், கயிற்றின் மறுமுனை வெளியே ஒருவர் கையில் இருக்க வேண்டும். இதைப் படித்துவிட்டுத்தான் நான் பச்சை அடித்திருந்தேன். அதை இங்கே எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும்.

தவறு கணக்கிலும் இருந்தது. உயிர் போகக்கூடிய ஒன்றை 1 என்ற எண்ணால் பெருக்கினால் அது பச்சைக்குள் ஒளிந்துகொள்கிறது. அதனால் ஒரு விதி சேர்த்தோம்: தீவிரம் 5 என்றால் பெருக்குத்தொகை எதுவானாலும் பச்சை கிடையாது. சாத்தியத்தையும் வருடக் கணக்கில் பார்க்காமல், "அந்த வேலையைச் செய்யும் நேரத்தில்" எவ்வளவு என்று பார்த்தோம். தொட்டி 20-க்கு ஏறிச் சிவப்பானது.

முதலாளியிடம் இரண்டு வழிகளை வைத்தேன். வாயு அளக்கும் கருவி, முகக்கவசம், பயிற்சி எல்லாம் வாங்கி ஆளை இறக்குவது ஒன்று. யாருமே இறங்கத் தேவையில்லாமல் செய்வது இன்னொன்று. அவர் முதலில் முகக்கவசம் போதுமே என்றார். பாதுகாப்பு முறைகளில் கவசம் கடைசிப் படி. அபாயத்தையே இல்லாமல் செய்வது முதல் படி, அப்புறம் பொருளை மாற்றுவது, மெஷினை மாற்றுவது, வேலைமுறையை மாற்றுவது என்று வரிசையாக வர வேண்டும். பேசிப் பேசி இரண்டு வாரம் ஆனது. கடைசியில் பம்பைச் சங்கிலியால் மேலே இழுக்க கைடு ரயில் போட்டோம். தொட்டிக்கு முன்னால் பஞ்சு பிடிக்க, கழற்றிக் கழுவக்கூடிய ஜல்லடை வைத்தோம். தொட்டி வாய்க்குக் கம்பிமூடி, பூட்டு, சாவி ஷிப்டு இன்சார்ஜிடம். நான்கு வகை வாயுக்களை அளக்கும் கருவி ஒன்றும் வாங்கினோம். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலும் கத்தும், ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்துக்கு 10 பங்கைத் தொட்டாலும் கத்தும். பூட்டு போட்ட நாளிலிருந்து இதுவரை யாரும் உள்ளே இறங்கவில்லை.

ஆடிட் சீக்கிரமே முடிந்தது. வந்தவர் கோப்பைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். பிறகு நேராகத் தொட்டிக்குப் போய், அங்கே நின்ற ஒரு பையனிடம் பம்பு அடைத்தால் என்ன செய்வாய் என்று இந்தியில் கேட்டார். அவன் பதில் சொல்லாமல் சங்கிலியைப் பிடித்து இழுத்துக் காட்டினான்.

இப்போது மாதம் ஒரு இரவு போகிறேன். 62 வரிகள் 91 ஆகியிருக்கின்றன. போன முறை பாய்லர் பெரியவர், துணியை விரித்துச் சூட்டில் காயவைக்கும் ஸ்டென்டர் மெஷினின் புகைக்குழாயைக் காட்டினார். உள்ளே பஞ்சும் எண்ணெயும் அப்பிக் கிடக்கிறது, தீப்பிடிக்க ஒரு பொறி போதும். மெஷினை எத்தனை நாள் நிறுத்தினால் அதை முழுதாகச் சுத்தம் செய்யலாம், எவ்வளவு நாளைக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்று செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்த வரி இன்னும் சிவப்பில்தான் இருக்கிறது.