பெல்ட்டில் ஒரு ஓட்டை தள்ளிப் போட்ட கதை

12 வயதில் வலது இடுப்பெலும்பின் ஓரத்தில் கோலிக்குண்டு மாதிரி ஒன்று கையில் தட்டுப்பட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ஆஸ்டியோகாண்ட்ரோமா, எலும்பில் முளைக்கிற சாதாரணக் கட்டி, நீ வளர்வது நின்றால் அதுவும் நின்றுவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். சொன்னது தப்பில்லை. ஒற்றைக் கட்டி புற்றுநோயாக மாறுவது சுமார் நூற்றில் ஒருவருக்குத்தான், பரம்பரையாகப் பல கட்டிகள் வருபவர்களுக்குத்தான் கொஞ்சம் அதிகம். ஆனால் நிற்காமல் வளர்ந்தால் ஓடி வா என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

34 வயதில் பெல்ட் உரச ஆரம்பித்தது. தொப்பை போட்டுவிட்டது என்று ஒரு ஓட்டை தள்ளிப் போட்டேன். நாலு மாதத்தில் இன்னொரு ஓட்டை. வலது பக்கம் மட்டும் எப்படித் தொப்பை விழும் என்று அப்போது தோன்றவே இல்லை. ராத்திரி அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் வலியில் விழிப்பு வந்த பிறகுதான் போனேன்.

டாக்டர் முதலில் கேட்டது பழைய எக்ஸ்ரே. நல்லவேளை, அம்மா பீரோவில் வைத்திருந்தார். புதியதையும் பழையதையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எனக்கே புரிந்துவிட்டது. எம்ஆர்ஐயில் கட்டியின் மேல் தொப்பி போல இருக்கும் குருத்தெலும்பு 2.6 செ.மீ. தடிமன். பெரியவர்களுக்கு அது 2 செ.மீ. தாண்டினாலே சந்தேகப்படுவார்களாம்.

அடுத்து பயாப்ஸி, அதாவது ஊசியால் கட்டியில் துளி எடுத்துச் சோதிப்பது. ஒரு டாக்டர் நாளைக்கே வாங்க, பயாப்ஸி எடுத்துவிடலாம் என்றார். நான் கொஞ்சம் தயங்கி எலும்புப் புற்றுநோய் சர்ஜன் ஒருவரிடம் போனேன். ஊசி போகிற வழியையும் பின்னால் கட்டியோடு சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும், அதனால் ஆபரேஷன் செய்யப் போகிறவர்கள்தான் எந்த இடத்தில் குத்துவது என்று முடிவு செய்ய வேண்டும் என்றார். இதை முன்பே தெரிந்துகொள்ளாதவர்கள் பாவம்.

ரிசல்ட்டில் காண்ட்ரோசார்கோமா, அதாவது குருத்தெலும்புப் புற்றுநோய், வீரியம் குறைந்த கிரேடு 1. கீமோ எப்போது என்றேன். இது பெரும்பாலும் கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் மசியாது, சுற்றியுள்ள நல்ல சதையோடு மொத்தமாக எடுப்பதுதான் வழி என்றார். எடுத்தார்கள். அப்புறம் வாக்கர், பிசியோ, எரிச்சல், வீட்டில் எல்லோரிடமும் சிடுசிடுப்பு.

பரவினால் நுரையீரலுக்குத்தான் போகும் என்பதால் இடுப்போடு நெஞ்சையும் ஸ்கேன் செய்கிறார்கள். அடுத்தது வரும் மாதம். அந்தப் பழைய ஃபிலிமையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன், கேட்டாலும் கேட்பார்கள்.