புல்லட்டுக்கு வீட்டிலேயே பெயிண்ட்: தின்னர் வாங்கும்போது உஷார்

வண்டி இப்போது பளபளவென்று நிற்கிறது. அதனால் கோபம் பாதி அடங்கிவிட்டது. மீதிப் பாதியை இங்கே கொட்டிவிடுகிறேன். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் காசும் முதுகுவலியும் மிச்சமாகும்.

வண்டி சித்தப்பா கைமாற்றிவிட்ட 1989 ஸ்டாண்டர்ட் 350. வலது காலில் கியர், பாயின்ட் செட், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒன்றைக் கேட்டுவாங்கும் பழைய ரகம். இன்ஜினில் குறையில்லை. டேங்க், இரண்டு பக்க டூல்பாக்ஸ், முன்னும் பின்னும் மட்கார்டு எல்லாம்தான் பரிதாபம். வெளியே கொடுக்கலாம் என்று விசாரித்தால், சொன்ன ரேட்டுக்குப் பழைய பெயிண்ட்டைச் சுரண்டக்கூட மாட்டார்களாம். மேலேயே தேய்த்துவிட்டு அடித்துத் தருவார்களாம். அதற்கு நாமே அடிக்கலாமே என்றுதான் இறங்கினேன். நிறத்தில் கை வைக்கவில்லை. ஆர்.சி.யில் கறுப்பு என்று இருக்கிறது. வேறு நிறம் அடித்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் அதையும் மாற்ற வேண்டும். ஏற்கெனவே உள்ள தலைவலி போதும்.

கழற்றுவதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும்: டேங்க் மோனோகிராம் (கம்பெனி பெயர்த் தகடு) ஸ்க்ரூவை முறுக்கி உடைத்துவிடாதீர்கள், முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறப்போடுங்கள். முட்டி ரப்பர் எப்படியும் கிழியும். புதுசு சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கிறது.

பெயிண்ட் ரிமூவர் தடவினதும் மேல் கோட் சுருங்கி எழும்பி வந்துவிட்டது. அதன் கீழே ஒரு சிவப்பு, அதற்கும் கீழே கம்பெனி கறுப்பு. சந்தோஷமாகச் சுரண்டிக்கொண்டே போனால், டேங்கின் அடியில், பெட்ரோல் டேப்புக்குப் பக்கத்தில், சுரண்டி ஏதோ ஒரு கட்டியில் தட்டி நின்றது. எம்-சீல், ஓட்டை அடைக்கும் பசை. யாரோ ஒரு மெக்கானிக் ஓட்டையை அதால் அடைத்து, மேலே கட்டைவிரல் தடிமனுக்குப் பட்டி பூசி, பெயிண்ட் அடித்துத் தந்திருக்கிறார். உளியை வைத்து லேசாகத் தட்டியதுமே மொத்தமாகக் கழன்று கீழே விழுந்தது. அந்த இடத்தில் ஊசி முனை அளவுக்கு வரிசையாகப் பொத்தல். உள்ளிருந்து துரு தின்றிருக்கிறது. பெட்ரோலோடு வரும் தண்ணீர் கனமானது, டேங்கின் அடியில்தான் போய்த் தங்கும். அதனால் டேப் பக்கம்தான் முதலில் போகும். இப்போது பங்க்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பவர்கள் டேங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்தது வெல்டிங். வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் டேங்கைக் காட்டினேன். அந்த ஆள் மூக்கைக்கூட வைத்துப் பார்க்காமல், "வச்சிட்டுப் போங்க சார், அஞ்சு நிமிஷத்துல ஒரு பாயிண்ட் வச்சுடுறேன்" என்றார். கழுவ வேண்டாமா என்று கேட்டால், "பெட்ரோல்தான் இல்லையே, காலி டேங்க்தானே" என்கிறார். டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெடிப்பது பெட்ரோல் இல்லை, காற்றோடு கலந்த அதன் ஆவி. முழுக்க நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. வாரக்கணக்கில் காயவைத்தாலும் துருவுக்குள் ஊறியது மிச்சம் இருக்கும். "வை, அடிச்சுத் தரேன்" என்று உடனே சொல்லும் பட்டறையில் தயவுசெய்து நிற்காதீர்கள். எனக்குச் சரியாகச் செய்துகொடுத்தவர் ஒரு ரேடியேட்டர் கடைக்காரர். டேங்கைச் சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் திரும்பத் திரும்ப அலசினார். பிறகு வாய்வரை தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்து, பொத்தல் இருக்கும் இடத்துக்குக் கீழே மட்டும் கொஞ்சம் காலி விட்டு, பித்தளை வெல்டிங் வைத்தார். வேலை அருமை. ஆனால் வெல்டிங்குக்குப் போட்ட வெங்காரம் அந்த இடத்தில் கண்ணாடி மாதிரி ஒட்டியிருக்கும், அதைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். விட்டால் அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் கொப்பளிக்கும். வெந்நீரும் கம்பி பிரஷ்ஷும் போதும்.

பட்டி, ப்ரைமர் எல்லாம் பொறுமை வேலை. சொல்ல வேண்டியது ஒரே ஒரு சண்டை. தெரிந்த பெயிண்டர் ஒருவர், "தண்ணி போட்டுத் தேய்ங்க, தூசி வராது" என்று அடித்துச் சொன்னார். ஹார்ட்னர் (இறுகவைக்கும் சரக்கு) கலந்து பூசும் பட்டிக்கு அது ஆகாது. அது ஈரத்தை உறிஞ்சும். மேலே காய்ந்தாலும் உள்ளே தகரத்தில் துரு வேலை செய்துகொண்டே இருக்கும், அடுத்த வருஷம் குமிழ் குமிழாக வெளியே வரும். மாஸ்க் போட்டுக்கொண்டு காய்ந்தபடியே உப்புத்தாளில் 80 நம்பர், பிறகு 180, பிறகு 320 என்று போங்கள். வாட்டர் பேப்பர், தண்ணீர் எல்லாம் ப்ரைமர் ஏறின பிறகு. கையால் தேய்க்காமல் ஒரு மரக்கட்டையில் பேப்பரைச் சுற்றித் தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் விரல் பட்ட இடமெல்லாம் பள்ளம்.

பள்ளம் தெரிகிறதா என்று பார்க்க ஒரு வழி. சாம்பல் ப்ரைமர் மேலே கறுப்பை லேசாகத் தூவிவிட்டு, கட்டை வைத்துத் தேய்த்தால் மேடு வெளுக்கும், பள்ளத்தில் கறுப்பு நிற்கும். இன்னொன்று, டேங்கை ஈரத்துணியால் துடைத்து ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். டேங்கில் தெரியும் ட்யூப்லைட்டின் பிம்பக் கோடு நேராக ஓடினால் சரி. எங்கே நெளிகிறதோ அங்கே வேலை பாக்கி. கறுப்பு இந்த விஷயத்தில் கொஞ்சமும் இரக்கம் காட்டாது. எனக்கு இடது பக்க டூல்பாக்ஸ் மூடியில் அந்தக் கோடு நேராகவே வரவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன். சைலன்சர் அந்தப் பக்கம் இல்லை, யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்.

இனி தின்னர் கதை. தின்னர் என்பது பெயிண்ட்டை அடிக்கும் பதத்துக்கு நீர்க்கவைக்கும் திரவம்.

டேங்குக்கு பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்ட்தான் என்று முதலிலேயே முடிவு. ஸ்ப்ரே டப்பாவில் வரும் சாதா லாக்கரோ, என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட்டோ அடித்தால் பார்க்க நன்றாக இருக்கும், பங்க்கில் ஒரு சொட்டு பெட்ரோல் சிந்தினால் அந்த இடம் இளகிப் பிசுபிசுக்கும். பி.யூ.வில் ஹார்ட்னர் கலப்பதால் அது வெறுமனே காய்வதில்லை, வேதிவினை நடந்து இறுகுகிறது. இறுகிவிட்டால் பெட்ரோல் ஒன்றும் செய்யாது. ஏரியாவில் பெரிய பெயிண்ட் கடை ஒன்றில் பெயிண்ட், ஹார்ட்னர் இரண்டையும் வாங்கிவிட்டு பி.யூ. தின்னர் கேட்டேன். கடைக்காரர் ஒரு கேனை எடுத்து வைத்தார். அதில் என்.சி. தின்னர் என்று எழுதியிருக்கிறது. "இது என்.சி. ஆச்சே" என்றேன். "எல்லாம் ஒண்ணுதான் சார். பேர்தான் வேற. எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க. பி.யூ. தின்னர் ஸ்டாக் இல்ல, வந்தாலும் டபுள் ரேட்." இருபது வருஷமாகக் கடை வைத்திருப்பவர் பில் போட்டுக்கொண்டே இத்தனை திடமாகச் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

அடித்தேன். அடித்த அன்றைக்கு அப்படி ஒரு பளபளப்பு. மறுநாள் கொஞ்சம் மங்கல். சரி, காயட்டும் என்று மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். நாள் போகப்போகத் தொட்டால் ஒட்டவில்லை, ஆனால் நகத்தை அழுத்தினால் பிறை மாதிரி தடம் விழுகிறது. ஒரு வாரத்துக்கு மேலாகியும் அதே கதி. செய்தித்தாளில் சுற்றிவைத்த டூல்பாக்ஸில் தாளின் மடிப்பு அப்படியே பதிந்து கிடந்தது.

லாரி பாடி கட்டும் இடத்தில் பெயிண்ட் அடிக்கும் பெரியவர் ஒருவரிடம் டூல்பாக்ஸ் மூடியை எடுத்துக்கொண்டு போனேன். பார்த்த கணமே ஒன்றும் சொல்லவில்லை. துணியில் தின்னர் நனைத்து மூடியின் ஓரத்தில் அழுத்தித் தேய்த்தார். துணி கறுப்பாக வந்தது. "ஒழுங்கா இறுகின பி.யூ. இப்படிக் கரையாது தம்பி. என்ன தின்னர் ஊத்துன?" கேனை மோந்து பார்த்துச் சிரித்துவிட்டார்.

விஷயம் இதுதான். பி.யூ. ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். அது பெயிண்ட்டோடு சேர்ந்துதான் இறுக வேண்டும். என்.சி. தின்னரில் ஆல்கஹால் வகைகள் கலந்திருக்கும். ஹார்ட்னர் பெயிண்ட்டை விட்டுவிட்டு ஆல்கஹாலோடு சேர்ந்து தீர்ந்துபோகிறது. பெயிண்ட்டுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. எத்தனை வெயிலில் வைத்தாலும் இறுகாது. "எல்லாம் ஒண்ணுதான்" என்பதன் விலை இதுதான்.

கேனோடும் மூடியோடும் கடைக்குப் போனேன். "வெயில் பத்தல சார்" என்றார். சித்திரை மாதம். அப்புறம் "ஹார்ட்னர் கம்மியா ஊத்திருப்பீங்க". ஹார்ட்னர் டப்பாவிலேயே விகிதம் அச்சாகியிருக்கிறது, அளவுக் குவளையில் ஊற்றியிருக்கிறேன் என்றதும், "நாங்க விக்கிறதோட சரி, அடிக்கிறதுக்கு கேரண்டி கிடையாது" என்று அடுத்த கஸ்டமரிடம் திரும்பிவிட்டார். பில்லில் "தின்னர்" என்று மட்டும் போட்டிருந்தார். எந்தத் தின்னர் என்று இல்லை. பில்லில் பெயரை முழுசாக எழுதச் சொல்லி வாங்குங்கள். இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

இளகிய பெயிண்ட்டைத் தேய்த்து எடுக்க முடியாது. பேப்பரில் அப்பிக்கொள்ளும். மறுபடி ரிமூவர், மறுபடி தகரம், மறுபடி ப்ரைமர். அந்த நாட்களைப் பற்றி எழுத மனசில்லை.

பெயிண்ட் எந்தக் கம்பெனியோ அந்தக் கம்பெனி பி.யூ. தின்னரையே வேறு கடையில் தேடி வாங்கினேன். ஹார்ட்னரும் புதுசு. திறந்துவைத்த ஹார்ட்னர் டப்பா காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்தே கெட்டுப்போகும். பெரிய டப்பா மலிவு என்று வாங்காதீர்கள், சின்னதுதான் லாபம்.

மாஸ்க் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கைக்குட்டை, கொரோனா மாஸ்க் எதுவும் ஐசோசயனேட்டைத் தடுக்காது. ஒரு தடவை ஒத்துக்கொள்ளாமல் போனால் ஆஸ்துமா மாதிரி வந்து நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கண்ணாடி, கையுறை இதெல்லாம் குறைந்தபட்சம். முறைப்படி வெளிக்காற்று குழாயில் வரும் மாஸ்க்தான் சொல்கிறார்கள். திறந்த இடத்தில், வீட்டில் குழந்தைகள் இல்லாத நேரம் பார்த்து அடியுங்கள். கீழே நிற்கும் பக்கத்து வீட்டுக் காரையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். பறக்கும் துளி எங்கே போய் உட்காரும் என்று சொல்ல முடியாது.

நேரம் காலை, பனி விலகின பிறகு. காற்றில் ஈரம் அதிகமென்றால் பி.யூ. குமிழ் விடும், மங்கும். சாயங்காலம் லைட் போட்டு அடித்தால் ஈசல். கோடை மழை பெய்த மறுநாள், கறுப்புக்கு மேலே அடித்த நிறமில்லாத கிளியர் கோட் பிசுபிசுப்பில் இருக்கும்போது ஒரு ஈசல் டேங்க் மேல் வந்து உட்கார்ந்து, எழும்ப முடியாமல் இறக்கையை விட்டுவிட்டு நடந்துபோனது. ஈரத்தில் கை வைக்காமல் விட்டேன். காய்ந்த பிறகு 1500 வாட்டர் பேப்பரில் தேய்த்ததும் போய்விட்டது. ஈரத்தில் நோண்டினால் மொத்தமும் போச்சு.

வாடகைக் கம்ப்ரசர் என்றால் முதலில் அடியில் உள்ள தண்ணீரைத் திறந்துவிடுங்கள். குழாயில் வாட்டர் செப்பரேட்டர் இருக்கிறதா பாருங்கள். ஸ்ப்ரே கன்னை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, முதல் கோட் தூவினது போல, பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு அடுத்தது. பாகங்களில் டேஷ்போர்டு பாலிஷ் பட்டிருந்தால் சிலிக்கான் காரணமாகப் பெயிண்ட் கண் கண்ணாகப் பிரியும், துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். கன்னை உடனே கழுவுங்கள். அதற்கு அந்த என்.சி. தின்னர் பிரமாதம்.

டேங்கில் ஓடும் தங்க நிறக் கோட்டுக்கு, அதாவது கோல்டு லைனுக்கு, ஸ்டிக்கர் வாங்கலாம் என்றுதான் இருந்தேன். அந்தக் காலத்தில் புல்லட் தயாரான திருவொற்றியூர் பேக்டரியில் அந்தக் கோட்டைக் கையால் போட்டார்கள் என்பது புல்லட்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஸ்டிக்கர் ஒட்ட மனசு வரவில்லை. கடைகளுக்குப் போர்டு எழுதும் அண்ணன் ஒருவரைப் பிடித்தேன். நீள மயிர் தூரிகை, டேங்க் விளிம்பில் சுண்டுவிரலை முட்டுக்கொடுத்து ஓட்டினார். கை நடுங்கவே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். கோடு காய்ந்த பிறகு அதற்கு மேல் இன்னொரு கிளியர். அடியில் இருக்கும் கிளியரை முதலில் லேசாகத் தேய்த்திருக்க வேண்டும், அப்போதுதான் பிடிக்கும்.

மாட்டும்போது ஒன்று. பெயிண்ட் தடிமன் கூடியிருப்பதால் போல்ட் துளைகள் இறுகும். அடித்து ஏற்றாமல் துளை ஓரத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டு, வாஷர் வைத்து முறுக்குங்கள். இல்லாவிட்டால் துளையைச் சுற்றி செதில் செதிலாகப் பெயரும்.

முதல் தடவை பெட்ரோல் போடப் போனபோது பங்க் பையன் போன் பார்த்துக்கொண்டே மூடிவரை விட்டுப் பொங்கவிட்டுவிட்டான். டேங்கின் இரண்டு பக்கமும் கோல்டு லைன் மேலேயே வழிந்தது. பதறிப்போய், "சாரி ணா" என்று தன் எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு வந்தான். அந்தத் துணியை வாங்காமல் என் பனியன் துணியால் ஒற்றினேன். மங்கவில்லை, இளகவில்லை, கோடு அப்படியே நின்றது. அந்தப் பெயிண்ட் கடை அதே ரோட்டில்தான் இருக்கிறது. வரும்போது வேண்டுமென்றே ஸ்லோ பண்ணினேன். கடைக்காரர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.