மூளையின் தடுப்புகளை உள்ளிருந்து பிடித்திருக்கும் புரதங்கள்

ரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைக்குள் போய்விடாமல் காக்கும் ரத்த-மூளைத் தடுப்பு என்றாலே கிளாடின்-5 என்கிற புரதத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நியாயம்தான், மூளையின் நுண்குழாய்களில் பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்கு நடுவில் உள்ள இடுக்கை அடைப்பதில் முக்கியப் பங்கு அதற்குத்தான். 2003இல் கிளாடின்-5 இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். குட்டிகள் பிறந்து சுமார் 10 மணி நேரத்தில் இறந்துபோயின. ரத்தக்குழாய்கள் பார்க்க நன்றாகவே இருந்தன, ரத்தக்கசிவும் இல்லை, ஆனால் 800 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) குறைவான சின்ன மூலக்கூறுகள் மட்டும் மூளைக்குள் கசிந்துவிட்டன.

ஆனால் செல்லின் மேல்சவ்வு எண்ணெய்ப் படலம் மாதிரி நகர்ந்துகொண்டே இருக்கிற ஒன்று. அதில் கிளாடின் தானாக வரிசைகட்டி நிற்காது. அதை நிற்க வைப்பது சவ்வுக்கு உள்பக்கம் இருக்கும் இசட்-ஓ-1 என்கிற நங்கூரப் புரதம், அதன் கூட்டாளி இசட்-ஓ-2வும் சேர்ந்து. கிளாடினின் வால்நுனியில் இருக்கும் கடைசிச் சில அமினோ அமிலங்களை இசட்-ஓ-1 தன் ஒரு பகுதியால் கவ்விக்கொள்கிறது, இன்னொரு பகுதி அதே இடுக்கில் இருக்கும் ஆக்குலுடின் என்கிற சவ்வுப் புரதத்தைப் பிடிக்கிறது, மறுமுனை செல்லின் உள்சட்டகமான அக்டின் இழைகளோடு கட்டிக்கொள்கிறது. அதனால் செல்லுக்குள் அக்டின் இறுகினால் அந்த இழுவிசை நேராக இடுக்கு வரைக்கும் போய்விடும். அழற்சி வரும்போது தடுப்பு தளர்வதற்கு இது ஒரு வழி. இன்னொன்று, இசட்-ஓ-1 கண்டறியப்பட்டது 1986இல், ஆக்குலுடின் 1993இல், கிளாடின் 1998இல்தான். பிடித்திருப்பது முதலில் தெரியவந்தது, அது பிடித்திருக்கும் கிளாடின் 12 வருடம் கழித்து! இருந்தும் பாடப்புத்தகப் படங்களில் இசட்-ஓ-1 ஓரத்தில் ஒரு சின்ன வட்டமாகத்தான் இருக்கிறது, எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

சரி, குழாய்க்கு வெளியே மூளைப் பக்கம் வருவோம். நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் தங்கள் பாதங்களால் நுண்குழாய்களைக் கிட்டத்தட்ட முழுசாகப் போர்த்தியிருக்கின்றன. அந்தப் பாதத்தில் குழாயைப் பார்த்த முகத்தில் மட்டும் அக்வாபோரின்-4 என்கிற நீர்க்கால்வாய்ப் புரதம் நெருக்கமாகக் குவிந்திருக்கும். அங்கே அதை நிறுத்துவது நங்கூரப் புரதங்களின் ஒரு சங்கிலி: முதலில் ஆல்ஃபா-சின்ட்ரோஃபின், அதற்குப் பின்னால் டிஸ்ட்ரோஃபின், அதற்கும் பின்னால் சவ்வை ஊடுருவி நின்று வெளியே குழாயைச் சுற்றிய அடிச்சவ்வில் இருக்கும் லாமினினைப் பிடித்திருக்கும் டிஸ்ட்ரோகிளைக்கன். இங்கேயும் அதே உத்திதான், வால்நுனியின் சில அமினோ அமிலங்களைக் கவ்வுவது.

ஆல்ஃபா-சின்ட்ரோஃபின் இல்லாத எலிகளில் அக்வாபோரின்-4இன் மொத்த அளவு பெரிதாக மாறவில்லை. ஆனால் பாதத்தில் அது வெகுவாகக் குறைந்து, செல்லின் மற்ற பக்கங்களில் பரவிக் கிடந்தது. விளைவு இரண்டு மாதிரி. மூளையில் ரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாக அடைத்துத் திறந்தபோது இந்த எலிகளுக்கு மூளை வீக்கம் குறைவாக இருந்தது, தண்ணீர் உள்ளே வருகிற வழி இளைத்துவிட்டதே காரணம். ஆனால் நரம்புகள் வேலைசெய்த பிறகு வெளியே தேங்கும் பொட்டாசியத்தை அகற்றுவது தாமதமாகி, வலிப்பு இன்னும் கடுமையானது. ஆக, நங்கூரத்தைக் கழற்றுவது நல்லதா கெட்டதா என்று ஒரே வார்த்தையில் சொல்ல வழியில்லை.

மூளைத் தண்டுவடத் திரவத்தைச் சுரக்கும் கோராய்டு பின்னலிலும் இப்படித்தான். அங்கே நுண்குழாய்களே ஓட்டையானவை, தடுப்பு முழுக்க அவற்றின் மேல் போர்வையாக இருக்கும் எபிதீலியச் செல்களிடம்தான். சோடியம்-பொட்டாசியம் பம்பு மற்ற பல எபிதீலியங்களில் ரத்தப் பக்கம் இருக்கும், இங்கே திரவப் பக்கம் நிற்கிறது, சவ்வுக்கு உள்பக்க நங்கூரப் புரதங்களான அங்கரினும் ஸ்பெக்ட்ரினும் அதே பக்கம் அதனோடு சேர்ந்து நிற்கின்றன. ஒரு நாளைக்கு சுமார் 500 மில்லி திரவம் சுரப்பதில் இந்த அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

வயதான எலிகளில் அக்வாபோரின்-4 பாதத்திலிருந்து விலகிப் பரவுவது காணப்பட்டிருக்கிறது. அல்சைமர் இருந்தவர்களின் மூளைத் திசுவிலும் குழாயோரத்தில் அதன் குவிப்பு குறைந்திருந்தது. அதனால்தான் திசுவை அரைத்துப் புரதத்தின் மொத்த அளவை மட்டும் பார்க்கிற சோதனையை நான் இந்த விஷயத்தில் நம்ப மாட்டேன். அளவு சரியாக இருக்கும், இடம் மாறியிருக்கும். வெட்டுத்துண்டில் சாயமேற்றி, குழாயோரம் எவ்வளவு, மற்ற இடத்தில் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் அது தெரியும்.