புள்ளி நிற்காத கோலம்

நவம்பர் 4
பினாங்கில், ஆயர் ஈத்தாம் பக்கம் விடாத மழை. செய்துகொண்டிருக்கும் கம்புஸுக்கு, அந்த மலாய் தந்தி வாத்தியத்துக்கு, இந்த ஈரத்தில் பசை போட்டால், பின்னால் மூவார் ஊரில் ஏர்கான் அறையில் பலகை சுருங்கிப் பிளந்துவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவில்லை.

நவம்பர் 5
மூவார் கசல் இசைக் குழுவுக்கான கம்புஸ். ஒலி வெளியேறும் பெரிய துளை ஒன்று, சின்னது இரண்டு. பெரியதில் சிக்குக் கோலம்தான் என்று முடிவு. அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடியே தாளில் போட்டுத் தந்தார். கை நடுங்கவில்லை.

சிக்கல் புள்ளியில். கோடு மரமாக நிற்கும், இடைவெளி எல்லாம் வெட்டுப்படும். நடுவில் இருக்கிற புள்ளி எதைப் பிடித்து நிற்கும்? விழுந்துவிடும்.

"புள்ளி இல்லாம எப்படிடா கோலம்?"

நவம்பர் 7
ரேகை, மரத்தின் ரேகை. வேறு நினைப்பே இல்லை. ஸ்புரூஸ் மரப் பலகையில் ரேகையோடு ஓடும் கீற்று உறுதி, குறுக்கே அமைந்தது தொட்டாலே முறியும். கோலத்தை நேராக வைத்தால் கோடுகள் சாய்வாகவே ஓடுகின்றன, எதுவும் முழுக்கக் குறுக்கே வருவதில்லை. கொஞ்சம் திருப்பினால் பாதிக் கோடுகள் போச்சு. ஓரத்தில் வளைந்து திரும்பும் இடங்கள்தான் பயம். துளை வரும் இடத்தை ஒன்றரை மில்லிமீட்டருக்கு இழைத்து, பின்னால் காகிதம் ஒட்டியாயிற்று. கத்தியை இழுக்காமல் நேராகக் குத்தி இறக்க வேண்டும். முதலில் ரேகைக்குக் குறுக்கே வெட்டு, அப்புறம்தான் ரேகையோடு. மாற்றிச் செய்தால் பிளவு கோட்டைத் தாண்டி ஓடும்.

நவம்பர் 8
ரிப்போர்ட் அடுத்த வாரமாம்.

நவம்பர் 9
வட்டமாக ஒரு ஓட்டை போதாதா என்கிறான் தம்பி. வயலின் துளையில் காற்று விளிம்பை ஒட்டித்தான் வேகமாகப் பாய்கிறது, விளிம்பு நீண்டால் ஒலி கூடும் என்று 2015இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் எழுதினார்கள். கோலத்துக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கீற்றுகள் காற்றை மறிக்கும், தடித்தால் பெட்டியின் ஒலி கீழே இறங்கும். அதனால்தான் மெலிதாக்கப் பார்க்கிறேன். அழகும் வேண்டும். அம்மா போட்ட கோலம் அது.

நவம்பர் 11
கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் ஒன்றை மட்டும் சீவித் தாழ்த்தினேன். மேல், கீழ், மேல், கீழ். சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் பிசகாமல் சேர்ந்தது! அம்மாவிடம் காட்டினேன். விரலால் முழுக் கோட்டையும் தொட்டுப் பார்த்தார். புள்ளியைப் பற்றிக் கேட்கவில்லை.

நவம்பர் 12
போன் வந்தது. காலையில் நேரில் வரச் சொல்கிறார்கள், வீட்டில் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு. அண்ணன் பட்டர்வொர்த்திலிருந்து முதல் ஃபெரியில் வருகிறார்.

ஓரத்து வளைவுகள் பாக்கி. புது பிளேடு மாட்ட வேண்டும்.