கற்பூரவள்ளி, கோழிக்குடல், ஏழு மாதம்

தீசிஸுக்கான வாய்மொழித் தேர்வு, அதாவது வைவா, முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் காலை ஐந்தரைக்குத் தூக்கம் கலைந்துவிடுகிறது, கோழிக்கடை பாய் கடை திறந்திருப்பார் என்று. எம்.ஃபார்மில் (மருந்தியல் முதுகலையில்) செடிச்சாறு எடுத்து இதயத்திலும் குடலிலும் சோதித்துப் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாறு இறக்கும் சாக்ஸ்லெட் கருவியை ஓட்டுவது, டோஸ் கணக்கு போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். என் ஏழு மாதத்தில் ஐந்து மாதம் அதில் போகவில்லை.

செடி கற்பூரவள்ளி. வியாசர்பாடியில் எங்கள் தெருவில் பழைய பெயின்ட் டப்பாவில் இது வளராத வீடு கிடையாது. சளிக்கும் இதுதான், வயிற்றுப் பொருமலுக்கும் இதுதான். இலைக்குத் திண்டாட்டமே இல்லை என்றுதான் தேர்ந்தெடுத்தேன். முதல் அடியே அங்கே விழுந்தது. இலை முழுக்கத் தண்ணீர். 4 கிலோ இலையை மொட்டை மாடி அறையில் நிழலில் உலர்த்தினேன், பாதி பூசணம் பிடித்தது. இன்னொரு 4 கிலோ வாங்கி, மெல்லியதாகக் கீறி, ஃபேன் போட்டுக் காயவைத்ததில் கால் கிலோகூடத் தேறவில்லை. சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் போட்டுவிடாதீர்கள். இலையின் வாசனைக்குக் காரணமான கார்வக்ரால், தைமால் இரண்டும் ஆவியாகிற சரக்கு, வாசனையோடு சேர்ந்து உங்கள் தீசிஸும் போய்விடும்.

அடுத்தது செடியின் அடையாளச் சான்று. இலையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு ஜீவா ஸ்டேஷனில் ரயில் ஏறி, பீச்சில் மாறி, நகரத்தின் தெற்குக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. சான்று தரும் தாவரவியலாளர் கவரைப் பிரிக்கக்கூட இல்லை.

“பூ எங்கேம்மா?”

“சார், இது பூக்காது சார்.”

“பூக்காத செடி எதும்மா? பூத்த கிளையோட வாங்க.”

அவ்வளவுதான். அவர் சொன்னது சரிதான், பூ இல்லாமல் உறுதியாகச் சொல்வது கஷ்டம். ஆனால் போனில் கேட்டபோது “சாம்பிளை எடுத்துட்டு வாங்க” என்று சொன்னவரும் அதே ஆள்தான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

வீட்டுக் கற்பூரவள்ளி ஏன் பூப்பதில்லை என்று அன்று ரயிலில் உட்கார்ந்து யோசித்தேன். யாராவது இருமினால் நுனியைக் கிள்ளிவிடுகிறோம். அது எங்கே பூக்கும்? காசிமேட்டில் பெரியம்மாவுக்கு முட்டிவலி வந்ததிலிருந்து மாடிக்குப் போவதில்லை. அங்கே தண்டு கட்டையாகிப்போன ஒரு செடி, வெளிர் ஊதாவில் கதிர்கதிராகப் பூத்து நின்றது. “இதுல என்னடி அதிசயம், எடுத்துட்டுப் போ” என்றார். செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தி, தினமும் தாளை மாற்றி, மறுபடி அதே ரயில். சான்று வந்தது.

வந்த சான்றில் ‘கோலியஸ் அம்பாய்னிகஸ்’ என்று இருந்தது. விலங்குச் சோதனைக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு நான் கொடுத்த பி படிவத்தில் (விண்ணப்பத்தில்) ‘பிளெக்ட்ராந்தஸ் அம்பாய்னிகஸ்’. இரண்டும் ஒரே செடி. 1790-இல் தாவரவியலாளர் லூரெய்ரோ வைத்தது கோலியஸ், பிறகு பிளெக்ட்ராந்தஸுக்குள் தள்ளினார்கள், 2019-இல் வந்த வகைப்பாட்டுத் திருத்தத்தில் மறுபடி கோலியஸ் ஆனது. குழு அலுவலகத்தில் இருந்தவருக்கு இந்தக் கதையெல்லாம் எதற்கு? “ரெண்டு செடியாம்மா?” என்று கேட்டு ஃபைலைத் திருப்பினார். கைடு விளக்கக் கடிதம் எழுதி, துறைத்தலைவர் கையெழுத்து வாங்கி நான் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அந்த முறை கூட்டம் முடிந்துவிட்டது. எலிகளுக்குக் கரித்தூள் கொடுத்துக் குடலில் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளக்கும் சோதனை அதோடு போயிற்று. நீங்கள் முதல் தாளிலேயே இரண்டு பெயரையும் எழுதிவிடுங்கள். ஒரு வரிதான்.

சரி, எலி இல்லை. தவளை இதயம் இப்போது கிடையாது. கோழிக்கடைக் குடல், டாஃப்னியாவின் (உடல் வழியே இதயம் தெரிகிற குட்டி நீர்த்தெள்ளு) இதயம் என்று கைடு திட்டத்தையே மாற்றினார்.

“இன்னாமா, கறி வேணாமா, குடலு மட்டுந்தானா?” என்றார் பாய். முதல் வாரம் அவர் என்னை நம்பவில்லை, கடைசி வாரம் எனக்காக ஒரு கோழியை முந்தின இரவே தீனி போடாமல் வைத்திருந்தார். அதுதான் பெரிய உதவி, தின்ற கோழியின் குடலைக் கழுவுவதற்குள் பாதி உயிர் போய்விடும். குடலுக்கும் எனக்கும். ஞாயிற்றுக்கிழமை போகவே போகாதீர்கள், கூட்டத்தில் உங்களை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஐஸைக் குடல்மேல் நேராகப் போடாதீர்கள். குளிர்ந்த டைரோடு கரைசலை (குடலை உயிரோடு வைத்திருக்கும் உப்பு, குளுக்கோஸ் கரைசல்) பாட்டிலில் ஊற்றி, குடலை அதில் போட்டு, பாட்டிலை ஐஸில் வையுங்கள்.

இவ்வளவு செய்தும் முதல் இரண்டு காலை குடல் அசையவே இல்லை. ஆர்கன் பாத்தில் (குடல்துண்டைக் கரைசலில் தொங்கவிடும் கண்ணாடிப் பாத்திரம்) 37 டிகிரி, காற்றுக்குமிழி, ஒரு கிராம் இழுவிசை, அரை மணி நேர ஓய்வு, எல்லாம் சரி. குடலைச் சுருங்கவைக்கும் அசிட்டைல்கோலின் போட்டால் நூல்கண்டு மாதிரி தொங்குகிறது. பாய்மேல் சந்தேகப்பட்டேன், பழைய குடலைத் தந்துவிட்டார் என்று. பாவம் அவர். தப்பு என் கரைசலில். எல்லா உப்பையும் ஒன்றாகக் கொட்டியிருக்கிறேன். பைகார்பனேட்டும் கால்சியமும் சேர்ந்து பால்போலத் திரிந்தது. ‘தூசி’ என்று நினைத்து அதை வடிகட்டி வேறு எறிந்திருக்கிறேன். அதாவது கால்சியத்தையே எறிந்திருக்கிறேன். கால்சியம் குளோரைடைத் தனியாகக் கரைத்துக் கடைசியில், கலக்கிக்கொண்டே, மெதுவாக விட வேண்டும். குளுக்கோஸ் அன்றன்றைக்கு.

சீனியர் அக்கா இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு ரிங்கர் கதையைச் சொன்னார். 1882-இல் சிட்னி ரிங்கர் என்ற ஆங்கில மருத்துவர் தவளை இதயத்தை உப்புக்கரைசலில் துடிக்கவைத்து, கால்சியம் தேவையில்லை என்பதுபோல எழுதிவிட்டார். மறு வருடம்தான் தெரிந்தது, கரைசல் வடிநீரில் இல்லை, லண்டன் குழாய்த் தண்ணீரில் தயாராகியிருந்தது, அதிலேயே கால்சியம் இருந்தது என்று. “எங்கள் தெரு போர் தண்ணீரில் செய்திருந்தால் எனக்கும் குடல் ஆடியிருக்கும்” என்றேன். ஆடியிருக்கும், ஆனால் எந்த உப்பால் என்று சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் குடல் சுருங்கியது. ரெக்கார்டரில் கோடு ஏறியதைப் பார்த்துக் கத்தியதில் பக்கத்து லேப்பிலிருந்து ஆள் வந்துவிட்டார். சாறு போட்ட பிறகு அந்த ஏற்றம் குட்டையானது. கழுவியதும் மறுபடி ஏறியது. இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கழுவித் திரும்பவில்லை என்றால், நீங்கள் குடலைத் தளர்த்தவில்லை, கொன்றிருக்கிறீர்கள்.

டாஃப்னியாவுக்குக் கொளத்தூர் மீன் கடைகள். இரண்டு கடையில் டாஃப்னியா என்று சொல்லிக் கொடுத்தது மொய்னா, அதன் உறவுக்கார நீர்த்தெள்ளு. சின்னது, இதயம் கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. மூன்றாவது கடையில் கிடைத்தது. கடைத் தண்ணீரையும் சேர்த்தே வாங்குங்கள், குளோரின் உள்ள குழாய்த் தண்ணீரில் விட்டால் செத்துவிடும். எண்ணுவதற்கு போனில் ஸ்லோமோஷன் வீடியோதான் வழி, கண்ணால் எண்ணிவிடலாம் என்ற நினைப்பே வேண்டாம். மைக்ராஸ்கோப் விளக்கை இடையிடையே அணையுங்கள், தண்ணீர் சூடானாலே துடிப்பு ஏறும். அங்கேயே பேட்டரியில் ஓடும் மீன்தொட்டி மோட்டார் ஒன்றும் வாங்கினேன். லேப்பில் கரன்ட் போனபோது ஆர்கன் பாத்துக்குக் காற்று கொடுத்தது அதுதான்.

முதல் நாள் சாறு விட்டதும் துடிப்பு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. அம்மாவுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டேன், இதயத்துக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டேன் என்று. கைடு கேட்டது ஒரே கேள்வி: “வெறும் ஆல்கஹால் விட்டுப் பாத்தியாம்மா?” பார்த்தேன். அதே இறக்கம். என் சாறு ஆல்கஹாலில் எடுத்தது, முழுக்க உலரவில்லை. எடை மாறாமல் நிற்கும்வரை டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் மூடிய பாத்திரத்தில்) வைத்து, எளிதில் கரையாததைத் தண்ணீரில் கலக்கவைக்கும் ட்வீன் 80 துளி சேர்த்துத் தண்ணீரில் கரைத்து, பிஎச் பார்த்து, அதே ட்வீன் தண்ணீரை மட்டும் இன்னொரு குழுவுக்கு விட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். எண்ணுவது சரியா என்று பார்க்க, துடிப்பை ஏற்றும் காஃபீன் ஒரு குழு. கடைசியில் அதிக டோஸில் மட்டும் கொஞ்சம் குறைந்தது. செடிச்சாற்றில் பொட்டாசியமும் இருக்கும், அதுவே இதயத்தை மெதுவாக்கக்கூடும் என்பதால் அந்தக் கொஞ்சத்தையும் நான் கற்பூரவள்ளிக் கணக்கில் எழுதவில்லை.

வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கால்சியம், வெஹிக்கிள் கண்ட்ரோல் (சாறு இல்லாமல் கரைப்பானை மட்டும் விட்டுப் பார்ப்பது) இரண்டையும்தான் குடைந்தார். அவ்வளவு அடி வாங்கியதால் பதில் தானாக வந்தது. கடைசியாக, “அப்போ வயித்துவலிக்குக் கற்பூரவள்ளி சாப்பிடலாம்னு சொல்றீங்களா?” என்றார்.

“ஆர்கன் பாத்துக்குள்ள இருக்கிற கோழிக்குச் சாப்பிடலாம் சார்.”

அவர் சிரித்தார். கைடு சிரிக்கவில்லை.